ஐந்து சுரம், ஆறரைக் கட்டை: பொகவந்தலாவையில் அன்றும் இன்றும்

பொகவந்தலாவையில் ஒரு காலத்தில் பொழுது தப்புச் சத்தத்தில்தான் விடிந்தது. இருட்டுக் கலையுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படிப்பார்கள். லயத்துக் காம்பராவுக்குள் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் பெண் அந்த அடியை வைத்தே நேரத்தைக் கணித்து, ரொட்டியைச் சுற்றி எடுத்து, கொழுந்துக் கூடையோடு கிளம்புவாள். அதே தப்புத்தான் மாரியம்மன் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், சாவு வீட்டுக்கும். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மலையில் நிற்பவர்கள் கேட்ட மாத்திரத்தில் இன்ன காரியம் என்று சொல்லிவிடுவார்கள். இன்று அதே பள்ளத்தாக்கில் ஒரு பையன் ஆல்டோ சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையடக்கத் தொலைபேசியில் யூடியூப் பாடத்தைப் பார்த்து, 'பென்டடோனிக் ஸ்கேல்' பழகுகிறான். எங்கள் ஊரில் சங்கீதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் பதில் மாறிவிட்டது.

முதலில் பழைய பதிலைச் சொல்கிறேன். தப்பு என்பது மரவளையத்தில் இழுத்துக் கட்டிய தோல். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. பொகவந்தலாவை கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. மழையும் பனிப்புகாரும் சேர்ந்தால் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும்; அடித்தால் 'தொப் தொப்' என்று செத்த சத்தம் வரும். அதனால் திருவிழா நாளில் கோயில் முற்றத்தின் ஓரமாகக் காய்ந்த தேயிலை மிலாறைக் குவித்துத் தீ மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் காய்ச்சுவார்கள். சுருதி ஏறி, கணீரென்று ஒலித்த பிறகுதான் எழும்புவார்கள். எந்தப் புத்தகமும் சொல்லித்தராத நுட்பம் அது. தீ எவ்வளவு, தூரம் எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் காதுக்கும் கைக்கும் மட்டுமே தெரியும்.

அந்த நுட்பத்தை யார் கற்றார்கள்? பிறப்பால் அதற்கென்று ஒதுக்கப்பட்ட குடும்பங்கள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தபோது சாதியும் கூடவே வந்தது. லயத்தின் வரிசையிலும் அது உட்கார்ந்துகொண்டது. தப்படித்தவருக்குக் காசும் சாராயமும் கிடைத்தன, மரியாதை கிடைக்கவில்லை. ஆகவே பல தகப்பன்மார் தம் பிள்ளைகளுக்குக் குச்சியைக் கொடுக்கவே மறுத்தார்கள். 'என்னோட போகட்டும்' என்று வைராக்கியமாக நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒரு வாத்தியத்தைத் தொட்டால் அவமானமும் ஒட்டிக்கொள்ளும் என்றால், அதைப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்?

பாட்டு அப்படியில்லை. அது எல்லோர் தொண்டையிலும் இருந்தது. மாசி மாதம் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றிவிட்டால், பௌர்ணமி வரை தோட்டத்தில் தூக்கம் குறைவு. ரதி, மன்மதன், வீரபத்திரன் என்று வேடம் கட்டுகிறவர்கள் பகலெல்லாம் மலையில் கவ்வாத்து வெட்டியும் கொழுந்து தூக்கியும் வேலை செய்தவர்கள்தான். கூத்து வாத்தியார் ஒருவர் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் முழுக் கூத்தையும் இப்படியே மனப்பாடம் செய்தார்கள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் சங்கீதப் பள்ளிக்கூடங்கள் என்றே சொல்வேன். பெண்களுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும். அந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவந்தவர், பூண்டுலோயா மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை. அதற்கு முன்பே தொழிற்சங்கத் தலைவர் கோ.நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் தாமே பாட்டெழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். தொழிற்சங்கம் எங்கள் மலைக்குள் நுழைந்ததே பாதி பாட்டு வழியாகத்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு சங்கீதமும் இருந்தது. அது தொரை பங்களாவின் சங்கீதம். பொகவந்தலாவையில் கேர்க்கஸ்வோல்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தப் பெயர் ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். ஸ்காட்லாந்தின் பெருங்கவி ரொபர்ட் பர்ன்ஸ் 1775இல் ஒரு கோடைகாலம் அந்தக் கிராமத்தில் தங்கித்தான் நில அளவை படித்தார். ஆங்கிலம் பேசும் உலகம் முழுவதும் புத்தாண்டு இரவில் கைகோத்துப் பாடும் 'ஓல்ட் லாங் சைன்' என்ற பாட்டை இன்றைய வடிவில் எழுதித் தந்தவரும் அவரே. பிறந்த மண்ணின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்த ஸ்காட்லாந்துத் தொரைமார், வருடப் பிறப்பு இரவில் கிளப்பில் அதைப் பாடாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டின் மெட்டில் மொத்தம் ஐந்தே சுரங்கள். ச, ரி, க, ப, த. அதாவது நம்முடைய மோகனத்தின் அதே ஐந்து. கமகம் இல்லை, பிடிப்புகள் வேறு, பாவம் வேறு. ஆனால் ஏணியின் படிகள் ஒன்றே. மலைச்சரிவின் மேலே பங்களாவில் இருந்தவருக்கும் கீழே லயத்தில் இருந்தவருக்கும் பொதுவாக எதுவுமே இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இது தெரிய வந்தபோது வெகுநேரம் மனம் அடங்கவில்லை. மேலே இருந்தவர் அறியாமல், கீழே இருந்தவரும் அறியாமல், இருவர் காதிலும் ஒரே ஐந்து சுரம் இருந்திருக்கிறது.

ஐந்து சுர அமைப்பை நம் சங்கீதக்காரர்கள் ஔடவம் என்பார்கள். மேல்நாட்டார் பென்டடோனிக் என்பார்கள். சீனத்திலும் ஆபிரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் மக்கள் பாட்டு இதன்மேல் நிற்கிறது. மோகனத்தில் அரைச்சுர இடைவெளி ஒன்றுகூட இல்லை. மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டதால் ஒன்றோடொன்று உரசும் சுரங்கள் கிடையாது. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குத் தாவினாலும் காதைக் குத்தாது. பிள்ளைகளும் பயிற்சி இல்லாதவர்களும் தாமாகவே பாடக்கூடிய அமைப்பு இது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் இடையர் குலத்து மாதரி ஏழு பெண்களைச் சுரங்களாக நிறுத்தி ஆடவைக்கிறாள். அங்கே அவர்கள் பாடும் முல்லைப் பண்ணை இன்றைய மோகனம் என்றே இசை ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். மாடு மேய்த்தவர்களின் பண் அது. அந்தக் காப்பியத்தின் இசையைக் கணக்கோடு விளக்க முனைந்து, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டவர் நம் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்பதை மலையகப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தமிழிசை வேறெங்கோ உள்ளவர்களின் சொத்து இல்லை. அதன் பெரும் ஆராய்ச்சியைச் செய்தவரே நம் நாட்டவர்.

மோகனத்துக்குள் இன்னொரு அதிசயம் இருக்கிறது. அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு, தொடங்கும் சுரத்தை மட்டும் மாற்றினால் வேறு ராகம் பிறக்கும். ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்யமாவதி. காந்தாரத்தை ஆதாரமாக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி, தைவதத்திலிருந்து சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று இன்று சொல்வதைப் பழந்தமிழர் பண்ணுப் பெயர்த்தல் என்றார்கள். மேல்நாட்டு ஜாஸ் ஆசிரியர் 'மேஜர் பென்டடோனிக்' என்று சொல்லித் தருவது மோகனத்தின் சுரங்களை; 'மைனர் பென்டடோனிக்' என்பது சுத்த தன்யாசியின் சுரங்களை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டுக்கு அஸ்திவாரம் அதுவே. ஜோன் கோல்ட்ரேன் போன்ற சாக்ஸபோன் மேதைகள் ஐந்து சுரக் கோவைகளைச் சுழற்றிச் சுழற்றி வாசித்ததில் இந்தியச் சங்கீதத்தின் மேல் அவர்களுக்கிருந்த ஈடுபாடும் தெரிகிறது. 1965இல் பிறந்த தம் மகனுக்குக் கோல்ட்ரேன் ரவி என்றே பெயர் வைத்தார், பண்டிட் ரவிசங்கரின் நினைவாக.

சாக்ஸபோன் நம் மேடைக்கு வந்த கதைக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் உரிமைப் பத்திரம் பெற்ற வாத்தியம் அது. பித்தளையில் செய்திருந்தாலும் அது மரக்குழல் இனத்தில்தான் சேரும், ஏனென்றால் ஒலி பிறப்பது நாணல் ரீட்டில். நாதஸ்வரத்தின் சீவாளியும் நாணல் இனம்தான். அது இரட்டைத் தட்டு, இது ஒற்றைத் தட்டு. இராணுவ பாண்டுக்கும் நடன மண்டபத்துக்கும் என்று இருந்த அந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியும் என்று நிரூபித்தவர் கத்ரி கோபால்நாத். 1949இல் மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜோன் ஹேண்டியோடு மேடையேறியது அவருக்குத் திருப்புமுனை. 1994இல் இலண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்தில் பிபிசி புரோம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு கே.பாலசந்தரின் 'டூயட்' வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில், நடிகர் பிரபு கையில் பிடித்திருந்த சாக்ஸபோனுக்குள்ளிருந்து கத்ரியின் மூச்சு வந்தது. அந்தப் படத்தின் ஒலிநாடா தோட்டத்துக் கடைகளிலும் பஸ்களிலும் ஓடிய காலத்தில் வளர்ந்தவர்கள் சாக்ஸபோன் என்ற பெயரையே அப்போதுதான் உச்சரித்துப் பழகினார்கள். வானொலியில் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் அதுவரை எத்தனையோ தடவை கேட்ட சத்தத்துக்கு அன்றைக்குத்தான் முகம் கிடைத்தது.

கத்ரி 2019 ஒக்டோபரில் காலமானார். அவரிடம் பயின்ற லாவண்யா, சுப்பலட்சுமி சகோதரிகள் மேடையேறி, பெண்களும் இந்த வாத்தியத்தை ஊதலாம் என்று காட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் சாக்ஸபோனும் இப்போது ஒலிக்கிறது. கத்ரியின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது வேறொன்று. நாதஸ்வரத்தில் துளையை விரல் நுனியால் பாதி மூடிப் பாதி திறந்து கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது விரல் இல்லை, சாவியும் அதன் அடியில் உள்ள மெத்தையும். அங்கே கமகத்தை உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் அழுத்தத்தாலும் சாவியைப் பாதியில் நிறுத்தியும் வரவழைக்க வேண்டும். பிறப்பால் நாதஸ்வரக் குடும்பத்தவர் என்றாலும், தகப்பன் வாத்தியத்தில் இருந்ததை இந்த வாத்தியத்துக்கு மாற்றும் வழியை அவர் தாமேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வழி இப்போது எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

அந்த வழியில் வந்தவன்தான் என் அக்கா மகன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவன் அண்ணன், யாரோ விற்ற பழைய ஆல்டோ ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். ஒருநாள் பின்னேரம் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் ஜி தான் புடிக்கிறேன். போன்ல தம்புராவும் ஜியிலதான் வச்சிருக்கேன். ரெண்டும் சேரவே மாட்டேங்குது. சாமான் பழுதா இருக்குமோ?"

வாத்தியத்தில் பழுதில்லை. ஆல்டோ என்பது ஈ-பிளாட் வாத்தியம். அதில் ஜி என்று விரல் வைத்தால் வெளியே வருவது பி-பிளாட். ஆர்மோனியக் கணக்கில் சொன்னால் ஆறரைக் கட்டை. யூடியூப் ஆசிரியர் ஜி என்று சொன்னதும் சரி, தம்புரா ஜி என்று ஒலித்ததும் சரி. இரண்டும் வெவ்வேறு ஜி என்பதை மட்டும் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆர்மோனியப் பெட்டி பழகிய எந்தக் கூத்து வாத்தியாரும் பக்கத்தில் நின்றிருந்தால் காதால் கேட்டு ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். தம்புராவை ஆறரைக் கட்டைக்கு மாற்றி, "இப்ப ஊதுடா" என்றேன். ஷட்ஜமம் போய்ச் சுருதியில் ஒட்டிக்கொண்டபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த சிக்கல் விரலில். ஜியை ஷட்ஜமமாகக் கொண்டால் மோகனம் ஜி, ஏ, பி, டி, ஈ. ஜிக்கு இடக்கையின் மூன்று விரல். ஏ என்றால் மோதிரவிரலை எடு. பி என்றால் நடுவிரலையும் எடு. ஆட்காட்டி விரல் மட்டும் மிஞ்சும். இதுவரை ச, ரி, க. எந்தப் பிள்ளைக்கும் அரைமணி நேரத்தில் வரும். பள்ளிக்கூட பாண்டில் ரெக்கோடர் ஊதிய பிள்ளைக்கு இன்னும் சுலபம், ஏனென்றால் ரெக்கோடரிலும் இந்த மூன்று சுரத்துக்கு இடக்கை விரல் இப்படியே போகும். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும்போதுதான் வழுக்கும். பியில் ஒரே விரல். டியில் இரண்டு கைகளிலும் சேர்த்து ஆறு விரல்; மீதி ஐந்தும் ஒன்றாக இறங்க வேண்டும். அதோடு கட்டைவிரல் எட்டாம் சுரச் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் தாமதித்தாலும் நடுவில் ஒரு கீச்சுச் சத்தம். "மாமா, இந்த எடத்துலதான் சறுக்குது" என்றான். சறுக்கத்தான் செய்யும். அந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, க-ப, ப-க என்று கார்வை கொடுத்து மெதுவாக ஊதச் சொன்னேன். வேகம் தானாக வரும்.

சுத்த தன்யாசிக்கு அவன் புது விரல் எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அதே ஐந்து விரல்பிடி. ஈயை ஷட்ஜமமாக வைத்து ஈ, ஜி, ஏ, பி, டி. தம்புராவை மட்டும் அதற்கேற்ப ஐந்து கட்டைக்கு மாற்றினால் போதும். யூடியூப் பாடத்தில் 'ஜி மேஜர் பென்டடோனிக்', 'ஈ மைனர் பென்டடோனிக்' என்று இரண்டு தனி அட்டவணையாக இருந்ததை அவன் இரண்டு தனிப் பாடமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஒரே வீட்டின் இரண்டு வாசல் அவை என்று தெரிந்த பிறகு மீதி மூன்று வாசலையும் அவனே தேடித் திறந்தான்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டு முறையில் ஐந்து சுர ஸ்கேலைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்கப் பழக்குவார்கள். பாண்டில் சேர்ந்து வாசிக்க, சினிமாவில் வாசிக்க, ஜாஸ் வாசிக்க அது கட்டாயம் வேண்டும். நம் முறையில் ஒரு சுருதியில் நின்று, ஒரு ராகத்தை வருடக்கணக்கில் தோண்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் முதல் ஒரு வருடத்துக்கு ஒரே சுருதியில் மோகனமும் சுத்த தன்யாசியும் மட்டும் வாசிக்கட்டும். பன்னிரண்டு சுருதி பிறகு வரட்டும். காரணம் எளிது. அந்த ஐந்து சுரமும் அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. பக்திப் பாட்டிலும் சினிமாப் பாட்டிலும் கேட்டுக் கேட்டுப் பதிந்திருக்கிறது. காதில் உள்ளதை விரலுக்கு இறக்குவது கல்வி. காதில் இல்லாத அட்டவணையை விரலால் ஓட்டினால் வெறும் தேகப்பயிற்சிதான் மிஞ்சும். காகிதத்தைப் பார்த்து ஏறி இறங்கத் தெரிந்து, கேட்ட பாட்டின் ஒரு வரியைக்கூடத் தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்துவிட்டேன்.

கற்கும் வழி திறந்துவிட்டது. கற்கும் இடம் திறக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே கூரை, பக்கத்துச் சுவருக்கு அப்பால் அதிகாலையில் எழும்பி மலைக்குப் போக வேண்டிய குடும்பம். ட்ரம்பட்டின் வாயில் அடைப்பான் வைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம். சாக்ஸபோனில் அது பலிக்காது, ஏனென்றால் ஒலி வாய்வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் ஒவ்வொரு துளை வழியாகவும் வருகிறது. ஆகவே அக்கா மகன் பின்னேரங்களில் மலைக்குத்தான் போகிறான். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது இணைய வகுப்புக்கு சிக்னல் தேடிப் பிள்ளைகள் ஏறிய மேடுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றுதான் அவனுடைய சாதக மேடை. அங்கே குளிர். குளிரில் குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ஊதத் தொடங்குமுன் சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விட்டு விட்டு உலோகத்தைச் சூடாக்க வேண்டும். அப்படியும் இறங்கினால் ஊதுவாயைக் கழுத்துத் தக்கைக்குள் இன்னும் சற்று உள்ளே தள்ள வேண்டும். முடிந்ததும் துணி இழுத்து ஈரத்தை எடுக்காவிட்டால் சாவி மெத்தைகள் ஒட்டிக்கொள்ளும். தப்படித்தவர்கள் மிலாறு மூட்டித் தோலைக் காய்ச்சியதும் இதே குளிரோடு நடத்திய போராட்டம்தான். மலையகத்தில் எந்த வாத்தியம் வாசித்தாலும் முதலில் குளிரோடு வழக்குப் பேசியாக வேண்டும்.

காசு இன்னும் பெரிய மேடு. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. ஆரம்பப் பிள்ளைக்கான ஆல்டோ ஒன்றின் விலையை ஒரு இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் ஒரு தாய் சோறு, மருந்து, கடன் எதற்கும் செலவழிக்காமல் 75 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். அன்று சாதி வாத்தியத்தைப் பூட்டி வைத்தது. இன்று விலை பூட்டி வைத்திருக்கிறது. பூட்டு மாறியிருப்பதும் ஒரு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. சாதிப் பூட்டுக்குத் திறப்பே கிடையாது, விலைப் பூட்டைப் பலர் சேர்ந்தால் திறக்கலாம்.

பள்ளிக்கூடங்களில் நிலைமை மெல்ல மாறியிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1977க்குப் பிறகுதான். அதுவரை எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே போராட்டமாக இருந்தது, சங்கீதத்துக்கு எங்கே போவது? இன்று சங்கீதம் பாடசாலையில் ஒரு பாடம். பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். யாழ்ப்பாணம் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் போய்ப் பட்டம் பெற்று, திரும்பி வந்து ஆசிரியராகிறார்கள். வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் இப்படி வேரூன்றத் தொடங்கிவிட்டன. காற்று வாத்தியம் மட்டும் பாண்டு அணிவகுப்போடு நின்றுவிடுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் ரெக்கோடர்கள் அலுமாரிக்குள் போய்விடும். அந்தப் பிள்ளைகளின் விரலில் ச-ரி-க பாதி தயாராக இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தப்பு என்ன ஆயிற்று? பெரட்டுத் தப்பு நின்று நெடுங்காலமாகிறது. இளைஞர்கள் சிலர் அதை இப்போது மேடைக் கலையாக எடுத்திருக்கிறார்கள். சாதி பார்க்காமல், பெண்களும் சேர்ந்து அடிக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்த பிறகு, நம் பாட்டன் பூட்டன் விட்டுப்போனது எது என்று கேட்கும் ஆர்வம் இளையவர்களிடம் கூடியிருக்கிறது. நல்லது. தப்பைத் தாழ்வு என்று தள்ளிவிட்டு சாக்ஸபோனை நாகரிகம் என்று தூக்கிப் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தாளம் தெரியாத சாக்ஸபோன்காரன் அரைக் கலைஞன். எங்கள் பிள்ளைக்குத் தாளம் கற்கத் தப்பைவிட நல்ல வாத்தியம் இல்லை. காமன் கூத்தின் தப்படிக்கு மேலே சுத்த தன்யாசியில் ஒரு சாக்ஸபோன் ஊதினால் எப்படி இருக்கும் என்று நான் கேட்க ஆசைப்படுகிறேன். அது கத்ரியும் செய்யாதது, கோல்ட்ரேனும் செய்யாதது. எங்கள் மலைப் பிள்ளைகள் செய்யக்கூடியது.

பொகவந்தலாவையிலும் கொட்டியாகலையிலும் நோர்வூட்டிலும் படித்துவிட்டு இன்று கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பழைய மாணவர் சங்கத்துக்குக் காசு சேர்க்கும்போது மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பாடசாலைக்கு இரண்டு ஆல்டோ வாங்கிக் கொடுங்கள். அதைப் பரிசாக ஒரு பிள்ளையிடம் கொடுக்காமல், பாடசாலைச் சொத்தாக வைத்து, நூலகப் புத்தகம்போல் முறை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னேரத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட அதிபரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் தப்படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, சம்பளம் கொடுத்துக் கற்பிக்கச் செய்யுங்கள். ரீட் பெட்டியும் துடைக்கும் துணியும் மறந்துவிடாதீர்கள். ஆரம்பப் பிள்ளைகளுக்கு இரண்டாம் இலக்க ரீட் போதும்.